இரத்தக் கொடையாளரும் தொற்று நோய்களும்

நம் நாட்டில் 2015ஆம் ஆண்டில் 2,626 இரத்த வங்கிகள் இயங்கி வந்தன. அவ்வாண்டில் அவை சேகரித்த இரத்தம் ஏறத்தாழ 1 கோடியே 16 லட்சம் அலகுகள். ஒவ்வோர் அலகும் நோயாளிக்கு ஏற்றப்படும் முன்னர் ஐந்து தொற்றுகளுக்காகப் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ்-பி, ஹெபடைடிஸ்-சி, மேகநோய் எனப்படும் சிபிலிஸ், மலேரியா ஆகியவை அவை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் தேசியக் குருதிப் பரிமாற்றுக் குழுமமும் நடத்திய மதிப்பாய்வு, அவ்வாண்டின் பரிசோதனை முடிவுகளை 2016இல் தொகுத்துத் தந்தது. அதன்படி, கொடையாளர் தந்த இரத்தத்தில் ஹெபடைடிஸ்-பி 0.87 சதவிகிதமும், ஹெபடைடிஸ்-சி 0.34 சதவிகிதமும், சிபிலிஸ் 0.17 சதவிகிதமும், எச்.ஐ.வி. 0.14 சதவிகிதமும், மலேரியா 0.06 சதவிகிதமும் காணப்பட்டன.

நூற்றுக்கு ஒன்று கூட இல்லாத இவ்வெண்கள் ஆறுதல் தருவனவாகத் தோன்றும். இவற்றையே ஆட்களாக மாற்றிக் கணக்கிட்டால் தோற்றம் மாறுகிறது. ஹெபடைடிஸ்-பி தொற்றுக்குரிய அடையாளம் ஓராண்டில் ஏறத்தாழ 1 லட்சம் அலகுகளில் தென்பட்டது. ஹெபடைடிஸ்-சி 39,000க்கும் மேற்பட்ட அலகுகளிலும், எச்.ஐ.வி. 16,000 அலகுகளிலும் தென்பட்டன. அந்தப் பைகள் அழிக்கப்பட்டிருக்கும். விதிகள் அவ்வாறே கூறுகின்றன. ஆனால் ஒவ்வொரு பைக்கும் பின்னால், பிறர் உயிரைக் காக்கக் கை நீட்டிய ஒரு மனிதர் இருக்கிறார். அவர்களுள் மிகப் பலர் தம் உடலில் தொற்று இருப்பதை அறியாதவர்கள். கொடையாளரிடையே தொற்று எவ்வளவு என்னும் கேள்வி, நோயாளியின் பாதுகாப்பைப் பற்றியதாக மட்டுமே பெரிதும் பேசப்படுகிறது. அக்கேள்விக்கு மற்றொரு பாதியும் உண்டு.

சட்டமும் சோதனைகளும்

இரத்தம் நம் சட்டப்படி ஒரு மருந்தாகும். 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டமும், அதன் கீழ் 1945இல் இயற்றப்பட்ட விதிகளுமே இரத்த வங்கியின் உரிமம், இடவசதி, பணியாளர், சோதனைகள் அனைத்தையும் நெறிப்படுத்துகின்றன. 2020ஆம் ஆண்டுத் திருத்தம் ‘இரத்த வங்கி’ என்ற பெயரை ‘இரத்த மையம்’ என மாற்றியது. மக்கள் நாவில் பழைய பெயரே இன்னும் வழங்குகிறது.

ஐந்து சோதனைகளும் ஒரே நாளில் வந்தவை அல்ல. ஒவ்வொரு நோய்க்கிருமியும் கண்டறியப்பட்ட பின்னரே அதற்குரிய சோதனை பிறந்தது. சிபிலிஸ் சோதனை மிகப் பழையது. ஹெபடைடிஸ்-பி கிருமியின் மேலுறைப் புரதத்தை பாரூக் பிளம்பெர்க் 1960களில் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் இரத்தத்தில் கண்டார். 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹெபடைடிஸ்-சி கிருமி 1989இல்தான் அடையாளம் காணப்பட்டது. அதுவரை ‘ஏ-யும் அல்ல, பி-யும் அல்ல’ என்றே மருத்துவர்கள் அந்நோயைக் குறித்து வந்தனர். இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் சில வாரங்களில் மஞ்சள் காமாலை கண்டு திரும்பி வந்ததை அவர்கள் பார்த்தார்கள், காரணத்தைக் காட்ட முடியவில்லை. எச்.ஐ.வி. நம் நாட்டில் முதன்முதலாக 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன், டாக்டர் செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் ஆய்வில் வெளிப்பட்டது. அதன் பின் 1989 முதல் இரத்தத்தில் எச்.ஐ.வி. சோதனை படிப்படியாகக் கட்டாயமாயிற்று. ஹெபடைடிஸ்-சி சோதனை 2001 முதல் கட்டாயமானது.

கிருமி தெரியாத காலத்திலும், தெரிந்து சோதனை வராத காலத்திலும் நோயாளியைக் காத்தது ஒன்றே: யாரிடமிருந்து இரத்தம் பெறப்படுகிறது என்பது. அக்காவலே நம் நாட்டில் நெடுங்காலம் தளர்ந்திருந்தது.

விலைக்கு வந்த இரத்தம்

சமூகவியல் அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸ் 1970இல் வெளியிட்ட ‘கொடை உறவு’ பற்றிய நூலில், பிரிட்டனின் இலவச இரத்தக் கொடை முறையையும், அமெரிக்காவில் அப்போது பரவலாக இருந்த பணம் கொடுத்து வாங்கும் முறையையும் ஒப்பிட்டார். விலைக்கு வாங்கிய இரத்தத்தில் கல்லீரல் தொற்று மிகுதி என்பது அவர் எடுத்துக்காட்டிய முக்கிய உண்மை. அதன் காரணம் எளிது. பணத்துக்காக இரத்தம் தருபவர், தமக்குச் சென்ற ஆண்டு காமாலை வந்தது எனக் கூறினால் அன்றைய வருமானத்தை இழப்பார், ஆகவே கூறமாட்டார். இலவசமாகத் தருபவருக்கு உண்மையை மறைப்பதால் பெறக்கூடியது எதுவும் இல்லை. கேள்வித்தாளைப் பயனுள்ளதாக்குவது கொடையாளர் உண்மை சொல்ல விரும்பும் சூழலே.

நம் நாட்டு அனுபவம் இதை மிகக் கசப்பான முறையில் மெய்ப்பித்தது. புனேயில் பணத்துக்குப் பிளாஸ்மா விற்றவர்களிடையே எச்.ஐ.வி. பரவியிருந்தது 1980களின் இறுதியில் வெளிப்பட்டது. பிளாஸ்மா எடுக்கும் முறையில், இரத்தத்தின் திரவப் பகுதியைப் பிரித்தெடுத்துக்கொண்டு சிவப்பணுக்களைக் கொடுத்தவர் உடலிலேயே திரும்பச் செலுத்துவர். சிவப்பணு இழப்பு இல்லாமையால் ஒருவரே வாரத்தில் பலமுறை கொடுக்க இயலும். கருவிகளின் தூய்மையில் அலட்சியம் நேர்ந்தால், ஒருவரின் தொற்று வரிசையில் உள்ள அனைவரையும் எட்டும். மேற்கு இந்தியாவில் இவ்வாறு பிளாஸ்மா விற்றவர்களைப் பற்றி 1995இல் வெளியான ஆய்வொன்று, அவர்களுள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஹெபடைடிஸ்-சி எதிர்ப்பொருள் இருந்ததைக் காட்டியது. இங்குத் தொற்றைப் பெற்றவர் இரத்தம் வாங்கியவர் மட்டும் அல்லர். விற்ற ஏழையும் அந்தப் படுக்கையிலேயே நோயைப் பெற்றார்.

இரத்த வங்கிகளின் நிலையை ஆராய மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு தணிக்கை நிறுவனத்தை அமர்த்தியது. 1990இல் அது தந்த அறிக்கையின்படி, 1,018 இரத்த வங்கிகளுள் 616 உரிமம் இல்லாமலே இயங்கின. இந்த அறிக்கையின் அடிப்படையில் ‘காமன் காஸ்’ என்னும் பொதுநல அமைப்பு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. நீதிமன்றம் 1996 ஜனவரி 4ஆம் நாள் தீர்ப்பளித்தது. உரிமமற்ற வங்கிகளை ஓராண்டுக்குள் அகற்றவும், பணத்துக்கு இரத்தம் தரும் முறையை இரண்டாண்டுக்குள் ஒழிக்கவும், தேசிய அளவிலும் மாநில அளவிலும் குருதிப் பரிமாற்றுக் குழுமங்களை அமைக்கவும் அது ஆணையிட்டது. 1998 ஜனவரி 1 முதல் இரத்த விற்பனை தடை செய்யப்பட்டது. தேசிய இரத்தக் கொள்கை 2002இல் வகுக்கப்பட்டது.

தடை வந்ததும் விற்பனை ஒழிந்துவிட்டது எனக் கூறுவதற்கில்லை. கோரக்பூரில் பலரை நெடுநாள் அடைத்துவைத்து, அவர்களின் இரத்தத்தை மீண்டும் மீண்டும் உறிஞ்சி விற்றுவந்த கும்பலொன்று 2008இல் பிடிபட்டது. இன்று இவ்வணிகத்துக்குப் பெரும்பாலும் மறைவிடமாக அமைவது ‘மாற்றுக் கொடை’ என்னும் வழக்கமாகும். நோயாளிக்கு இரத்தம் வேண்டுமானால் உறவினர் ஒருவர் அதே அளவு கொடுக்க வேண்டும் எனச் சில மருத்துவமனைகள் வற்புறுத்துகின்றன. ஊர் விட்டு ஊர் வந்து, உறவினர் துணையின்றி நிற்கும் குடும்பத்துக்கு, மருத்துவமனை வாசலில் ‘மைத்துனர்’ ஒருவர் விலைக்குக் கிடைக்கிறார்.

எண் எதை அளக்கிறது?

கொடையாளரிடையே காணப்படும் தொற்று விகிதத்தை மக்கள்தொகையின் தொற்று விகிதமாகக் கொள்வது மாணவர்கள் செய்யும் முதல் தவறு. அதிகாரிகளும் இதற்கு விலக்கல்லர். கொடையாளர் பதினெட்டு முதல் அறுபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர். குறைந்தது 45 கிலோ எடையும், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12.5 கிராம் ஹீமோகுளோபினும் உள்ளவர். இரத்தசோகை மிகுந்த நம் நாட்டில் இந்த ஒரு விதியே பெண்களுள் பெரும்பகுதியினரை வெளியே நிறுத்திவிடுகிறது. கேள்வித்தாளில் தாமே விலகியவர்களும், மருத்துவர் விலக்கியவர்களும் கணக்கில் வருவதில்லை. எனவே கொடையாளர் விகிதம் என்பது பெரும்பாலும் உடல்நலமுள்ள ஆண்களின் விகிதம்.

இதனினும் நுட்பமான காரணம் ஒன்றும் உண்டு. முதன்முறையாகக் கொடுப்பவர்களும், திரும்பத் திரும்பக் கொடுப்பவர்களும் ஒரே கணக்கில் சேர்க்கப்படுகின்றனர். கற்பனையாக ஓர் ஊரைக் கொள்வோம். முதலாண்டில் 1,000 பேர் முதன்முறையாக இரத்தம் தருகின்றனர். அவர்களுள் 20 பேருக்கு ஹெபடைடிஸ்-பி காணப்படுகிறது. விகிதம் 2 சதவிகிதம். அந்த 20 பேரும் நிரந்தரமாக விலக்கப்படுகின்றனர். மறு ஆண்டில் எஞ்சிய 980 பேரும் மீண்டும் வருகின்றனர். புதியவர்கள் 1,000 பேர் சேர்கின்றனர். புதியவர்களுள்ளும் 20 பேருக்கு அத்தொற்று உள்ளது. இப்போது விகிதம் 1,980க்கு 20, அதாவது 1 சதவிகிதம். ஊரில் நோய் சிறிதும் குறையவில்லை. அறிக்கையிலோ பாதியாகக் குறைந்துவிட்டது. தொடர்ந்து கொடுப்பவர்களின் இரத்தம் பாதுகாப்பானது என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் இதையே ‘மாவட்டத்தில் ஹெபடைடிஸ்-பி ஒழிப்பில் சாதனை’ என எழுதுவது பிழை. இக்காரணத்தால், முதல் கொடையாளர் விகிதத்தைத் தனியே காட்டாத எந்த ஆண்டறிக்கையையும் எச்சரிக்கையுடனே படிக்க வேண்டும்.

நம் நாட்டு மக்களிடையே ஹெபடைடிஸ்-பி 2 முதல் 4 சதவிகிதம் வரை இருக்கும் என்பது நெடுங்காலமாகக் கூறப்படும் மதிப்பீடு. கொடையாளரிடம் அது 0.87 சதவிகிதமாக உள்ளது. இக்கிருமியை நாட்பட்ட நிலையில் சுமப்பவர்களுள் பெரும்பாலோர் பிறப்பின்போதோ குழந்தைப் பருவத்திலோ அதைப் பெற்றவர்கள். ஆகவே முதல் கொடையிலேயே கண்டறியப்பட்டு வெளியேறிவிடுகின்றனர். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி 2011இல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கான திட்டத்தில் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு பிறந்த குழந்தைகள் பதினெட்டு வயதை எட்டும்போது, 2029 முதல், இளங் கொடையாளரிடையே இவ்விகிதம் குறைகிறதா என்பதைக் கவனிக்கலாம். தடுப்பூசித் திட்டத்தின் வெற்றியைச் செலவின்றி அளக்க இதனினும் நல்ல வாய்ப்பு இல்லை.

ஊருக்கு ஊர் வேறுபாடும் மிகுதி. பஞ்சாபில் ஹெபடைடிஸ்-சி தேசிய சராசரியினும் மிக அதிகம். பாதுகாப்பற்ற ஊசிகளும், ஊசி வழிப் போதைப் பழக்கமும் அதற்குக் காரணங்களாகக் காட்டப்படுகின்றன. வடகிழக்கில் மிசோரம் போன்ற மாநிலங்களில் எச்.ஐ.வி. மிகுந்துள்ளது. கொடையாளர் வரும் வழியும் எண்ணை மாற்றுகிறது. டில்லியின் ஒரு மருத்துவமனையில் 28,956 கொடையாளரை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ அனைவருமே மாற்றுக் கொடையாளர்களாக இருந்தனர். அவர்களிடம் ஹெபடைடிஸ்-பி 2.23 சதவிகிதமும், ஹெபடைடிஸ்-சி 0.66 சதவிகிதமும், எச்.ஐ.வி. 0.56 சதவிகிதமும் காணப்பட்டன. முன்னர்க் கூறிய 2015ஆம் ஆண்டுத் தேசிய எண்களைவிட இவை பன்மடங்கு. இடமும் காலமும் வேறாயினும், தன்விருப்பக் கொடையாளரே நம்பத்தக்க அடித்தளம் என்ற கருத்துக்கு இவ்வேறுபாடு வலுவூட்டுகிறது. மேற்கு வங்கம், திரிபுரா, தமிழ்நாடு ஆகிய மாநிலங்கள் மாணவர்களையும் தொண்டு அமைப்புகளையும் கொண்டு இத்துறையில் முன்னணியில் நிற்கின்றன. நாடு முழுவதையும் கொண்டால், 2015இல் தன்விருப்பக் கொடை நூற்றுக்கு 72 அளவிலேயே இருந்தது.

சோதனை காணாத நாட்கள்

கிருமி உடலில் புகுந்த நாளுக்கும் சோதனை அதைக் காட்டும் நாளுக்கும் இடையே ஒரு காலம் கழிகிறது. இதைக் கண்டறியா இடைக்காலம் எனலாம். எதிர்ப்பொருளைத் தேடும் சோதனைக்கு எச்.ஐ.வி.யில் இது ஏறத்தாழ மூன்று வாரம். ஹெபடைடிஸ்-சி-யில் இரண்டு மாத அளவு. இவ்விடைக்காலத்தில் இரத்தம் தந்தவரின் பை ‘தொற்று இல்லை’ என்ற முத்திரையுடன் வெளியே செல்லும். ஒரு பையிலிருந்து சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா எனப் பிரித்துப் பலருக்குக் கொடுக்கும் இக்காலத்தில், பிழை ஒன்றாயினும் பாதிக்கப்படுபவர் மூவராகலாம்.

இந்த எஞ்சிய அபாயத்தைக் கணக்கிடும் முறை எளிது. பழைய தொற்றுகளின் விகிதம் இதற்குப் பயன்படாது. ஓராண்டில் புதிதாகத் தொற்றுவோரின் விகிதமே வேண்டும். ஒரு கொடையாளர் கூட்டத்தில் ஆண்டுக்குப் பதினாயிரம் பேரில் ஒருவருக்குப் புதிதாக எச்.ஐ.வி. வருவதாகவும், இடைக்காலம் 22 நாட்கள் எனவும் கொள்வோம். பதினாயிரத்தில் ஒன்றை, 365இல் 22 என்ற பின்னத்தால் பெருக்கினால், 10 லட்சம் பைகளில் 6 பைகள் சோதனைக்குத் தப்பும் என்ற விடை வருகிறது. இடைக்காலத்தை 11 நாட்களாகக் குறைத்தால் தப்புவது 3 பைகள். புதுத் தொற்று விகிதத்தைப் பாதியாக்கினாலும் அதே பயன் கிட்டும். முதலாவதைச் செய்ய விலை மிகுந்த கருவி வேண்டும். இரண்டாவதைச் செய்ய நல்ல கொடையாளர் தேர்வு வேண்டும்.

அக்கருவி, கிருமியின் மரபுப் பொருளையே தேடும் நியூக்ளிக் அமிலச் சோதனை. ‘நாட்’ என்ற சுருக்கப் பெயரால் இது வழங்குகிறது. நம் நாட்டில் எட்டு இரத்த வங்கிகளின் 12,224 மாதிரிகளை இம்முறையில் சோதித்து 2008இல் வெளியான ஆய்வில், வழக்கமான சோதனைகள் தவறவிட்ட எட்டுத் தொற்றுகள் பிடிபட்டன, 1,528க்கு ஒன்று. செல்வ நாடுகளில் பல லட்சத்துக்கு ஒன்று எனக் கிடைக்கும் பயனோடு ஒப்பிட, இது மிக மிகப் பெரிது. ஆயினும் 2020ஆம் ஆண்டுத் திருத்த விதிகளிலும் இச்சோதனை கட்டாயமாக்கப்படவில்லை. சிறிய மாவட்ட மருத்துவமனைகள் ஒவ்வொன்றும் இக்கருவியை வாங்குவது இயலாத செயல். பல மையங்களின் மாதிரிகளை ஓரிடத்தில் சோதிக்கும் ஏற்பாடே நடைமுறைக்கு உகந்தது.

இவ்வபாயத்தை மிகுதியாகச் சுமப்பவர்கள் அறுவைச் சிகிச்சைக்கு ஒருமுறை இரத்தம் பெறுபவர்கள் அல்லர். தலசீமியா நோயுள்ள குழந்தைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டும். ஒரு பைக்கு உள்ள சிறு அபாயம் நூற்றுக்கணக்கான பைகளில் பெருகுகிறது. குஜராத்தின் ஜுனாகட்டில் 2011இல் இத்தகைய குழந்தைகள் இருபதுக்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிய வந்தபோது, சதவிகிதக் கணக்கின் மறுபக்கத்தை நாடு கண்டது.

ரியாக்டிவ் என்பதன் பொருள்

இரத்த மையத்தில் செய்யப்படுவது சலித்தெடுக்கும் சோதனை. சிறு ஐயம் தோன்றினாலும் பையை விலக்கிவிட வேண்டும் என்ற நோக்கத்துடன் அது அமைக்கப்பட்டுள்ளது. நோயுற்ற ஒருவரைத் தவறவிடுவதைவிட, நோயற்ற சிலரை ஐயுறுவது மேல் என்பது இங்குள்ள நியாயம். பையைப் பொறுத்தவரை இது சரியே. கொடையாளரைப் பொறுத்தவரை இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு சோதனை, நோயற்றவர் ஆயிரவரில் ஐவரைத் தவறாக ‘ரியாக்டிவ்’ எனக் காட்டுகிறது எனக் கொள்வோம். 1 லட்சம் கொடையாளருள் உண்மையில் எச்.ஐ.வி. உள்ளவர் 140 பேர் எனவும், அவர்கள் அனைவரையும் சோதனை பிடித்துவிடுகிறது எனவும் கொள்வோம். எஞ்சிய 99,860 பேரில் ஏறத்தாழ 500 பேர் தவறாக ரியாக்டிவ் என வருவர். ஆக மொத்தம் 640 பேருக்கு அந்தச் சீட்டு கிடைக்கும். உண்மையில் தொற்றுள்ளவர் அவர்களுள் ஐவரில் ஒருவரே. இது விளக்கத்துக்காகக் கொண்ட கணக்கு. நடைமுறையில் மேம்பட்ட சோதனைகள் இதனினும் துல்லியமானவை. ஆயினும் நோய் அரிதாக உள்ள கூட்டத்தில் எந்தச் சோதனைக்கும் இந்த இயல்பு உண்டு. முதல் சோதனையின் முடிவைத் தொலைபேசியில் ‘உங்களுக்கு எய்ட்ஸ்’ எனக் கூறிவிடும் பணியாளர், ஐந்து குடும்பங்களில் நான்கைக் காரணமின்றிக் கலங்கச் செய்வார். இதே காரணத்தால், உறுதிப்படுத்தப்படாத முடிவுகளைத் திரட்டித் தரும் அறிக்கைகள் நோயின் அளவை மிகைப்படுத்திக் காட்டவும் கூடும்.

கொடையாளருக்குச் சொல்லுதல்

முடிவைக் கொடையாளரிடம் கூறுவதா என்பதே ஒரு காலத்தில் கொள்கைச் சிக்கலாக இருந்தது. 1990களில் எச்.ஐ.வி. சோதனை கொடையாளரின் பெயரோடு தொடர்புபடுத்தாமல் செய்யப்பட்டது. பை அழிக்கப்பட்டது, கொடுத்தவருக்கு எதுவும் தெரிவிக்கப்படவில்லை. சிகிச்சை எட்டாக் கனியாகவும், களங்கம் மிகுதியாகவும் இருந்த காலத்தில் இதற்கு ஒரு நியாயம் கூறப்பட்டது. ஆனால் அவ்வாறு விடப்பட்டவர் மூன்று மாதம் கழித்து வேறொரு முகாமில் மீண்டும் கை நீட்டினார். வீட்டில் மனைவிக்கும் தொற்றைத் தந்திருக்கக்கூடும். 2000களின் தொடக்கத்தில் இக்கொள்கை மாறியது. கொடையாளரின் இசைவைப் பெற்று, அவரை அழைத்து, ஆலோசனை கூறி, உறுதிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது பின்னர் வந்த நெறி. கொடையாளர் தேர்வு, பரிந்துரை பற்றித் தேசியக் குழுமம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதை விரிவாக வகுத்துள்ளன. அதே நெறிகள் சில மக்கட் பிரிவினரை நடத்தை பற்றி வினவாமலே முழுதும் விலக்குவது நியாயமா என்ற வழக்கு 2021இல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது தனியே கற்கத்தக்கது.

நெறி தாளில் இருப்பதும் செய்தி ஆளை எட்டுவதும் வேறு. தமிழ்நாட்டில் 2018 டிசம்பரில் வெளிப்பட்ட ஒரு நிகழ்ச்சி இதைக் காட்டுகிறது. வெளிநாட்டு வேலைக்காக உடற்பரிசோதனை செய்துகொண்ட ஓர் இளைஞர், தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை அறிந்ததும், சில நாட்களுக்கு முன் தாம் தந்த இரத்தத்தை யாருக்கும் ஏற்ற வேண்டாம் எனத் தாமே சென்று தெரிவித்தார். அதற்குள் அது ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டிருந்தது. இரண்டாண்டுக்கு முன் அவர் தந்த இரத்தத்திலேயே தொற்று தென்பட்டிருந்தது என்பதும், அச்செய்தி அவருக்கு உரிய முறையில் எட்டவில்லை என்பதும் பின்னர் வெளிவந்தன. அந்த இளைஞர் அம்மாதமே இறந்தார். இரு முறையும் அவர் செய்தது கொடை. இறுதியில் எச்சரித்தவரும் அவரே. முதன்முறை ஓர் அழைப்பு அவரை எட்டியிருந்தால் அவர் சிகிச்சை பெற்றிருப்பார்; அந்தத் தாய்க்கும் தொற்று வந்திராது.

சிகிச்சையின் நிலை இன்று முற்றிலும் மாறிவிட்டது. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து 2004 முதல் அரசு மையங்களில் இலவசமாக வழங்கப்படுகிறது. ஹெபடைடிஸ்-சி-யைப் பெரும்பாலும் பன்னிரண்டு வார மாத்திரைகளால் முழுமையாகக் குணப்படுத்தலாம். ஹெபடைடிஸ்-பி-யைக் கட்டுக்குள் வைக்கவும், கல்லீரல் சுருக்க நோயையும் புற்றுநோயையும் தவிர்க்கவும் மருந்து உண்டு. 2018 ஜூலையில் தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இவை இலவசம். ஹெபடைடிஸ் உள்ளவர் பல்லாண்டுகள் எந்த அறிகுறியும் இன்றி நடமாடுவார். வயிற்றில் நீர் கோத்த பின்னரே மருத்துவமனைக்கு வருவார். அத்தகையவரை முன்கூட்டியே கண்டறிய இரத்தக் கொடை போன்ற வாய்ப்பு வேறில்லை. அவர் தாமாகவே வந்து, செலவின்றிச் சோதனைக்கு உட்பட்டு, முகவரியையும் தந்து செல்கிறார்.

அந்த முகவரியில்தான் பணி தடைப்படுகிறது. முகாம்களில் இரைச்சலுக்கிடையே அவசரமாக நிரப்பப்படும் படிவத்தில் தொலைபேசி எண் தவறாக எழுதப்படுகிறது. வேலை தேடி வந்தவர் ஊர் மாறிவிடுகிறார். வீட்டுக்குக் கடிதம் அனுப்பினால் பிறர் பிரித்துப் படிப்பர், எச்.ஐ.வி. தொற்றுள்ளவரின் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம் 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆகவே ‘ஒரு முடிவைப் பற்றிப் பேச நேரில் வருக’ என்பதற்கு மேல் தொலைவிலிருந்து எதுவும் கூறுவதற்கில்லை; அவ்வழைப்பின் பொருளை உணர்ந்தோ உணராமலோ பலர் வருவதில்லை. ஒரு மையத்தில் நிரந்தரமாக விலக்கப்பட்டவர் அடுத்த ஊர் மையத்தில் புதியவராகவே வரவேற்கப்படுகிறார். 2016இல் தொடங்கிய ‘இ-ரக்த்கோஷ்’ கணினி வலை, மையங்களின் இருப்பைப் பொதுமக்களுக்குக் காட்டுகிறது. விலக்கப்பட்டோர் பட்டியலை மையங்களுக்கிடையே, அந்தரங்கம் கெடாத குறியீட்டு முறையில், பகிர்ந்துகொள்வதற்கும் இத்தகைய வலையே பொருத்தமான அடித்தளம்.

மாவட்ட அளவில் செய்யக்கூடியவை சிலவற்றுக்குப் பெருநிதி தேவையில்லை. முகாமில் படிவம் நிரப்பும் இடத்தைக் கூட்டத்திலிருந்து ஒதுக்கி, தனியே வினவ ஒரு திரை அமைக்கலாம். தொலைபேசி எண்ணை அங்கேயே அழைத்துச் சரிபார்க்கலாம். ‘முடிவு ஏதேனும் இருப்பின் எவ்வழியில் தெரிவிக்க வேண்டும்?’ என்ற கேள்விக்குக் கொடையாளரிடமே விடை பெறலாம். நண்பர்களின் வற்புறுத்தலால் வந்து, தம் இரத்தம் ஏற்றத் தக்கதன்று என அறிந்தவர், வெளியே சொல்லாமல் ‘என் இரத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம்’ எனப் பின்னர் தெரிவிக்க ஓர் எண் தரலாம். ரியாக்டிவ் என வந்தவருள் எத்தனை பேருக்குச் செய்தி எட்டியது, எத்தனை பேர் ஆலோசனை மையத்துக்கு (தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என வழங்குவது) சென்றனர், எத்தனை பேர் சிகிச்சை தொடங்கினர் என்ற மூன்று எண்களை, சேகரித்த அலகுகளின் எண்ணிக்கைக்கு அருகிலேயே மாத அறிக்கையில் கேட்கலாம். இப்போது மேலதிகாரியின் மேசைக்குச் செல்லும் அறிக்கைகளில் அழிக்கப்பட்ட பைகளின் கணக்கு தவறாமல் இருக்கிறது.